இயல்பு என்னும் சொல்லும் கொழுப்புத் திசுவின் குருத்தணுவும்

இந்த ரவாங் நகரின் ஈயச் சுரங்கத்தில்தான் 1894ஆம் ஆண்டு தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் மின்னாக்கியை நிறுவினர். தீபகற்ப மலேசியாவில் மின்சாரம் பயன்பட்டமைக்கு அதுவே முதற்பதிவு என்பர். புதுமைக்கு அஞ்சாத ஊரில் உயிரணு ஆய்வைப் பற்றிப் பேச நமக்குத் தயக்கமில்லை. மொழியியலாருக்கு இதில் என்ன வேலை என்று ஆசிரியர்கள் வினவக்கூடும். இவ்வாய்வின் வரலாற்றில் ஒரு சொல் நெடுநாள் உண்மையை மறைத்து நின்றது. அச்சொல்லைத் தேடியே இத்துறைக்குள் புகுந்தோம்.

அறிவியலில் பிழையான பெயர் நிலைத்துவிடுவது புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லவாய்சியே, ஆக்சிஜன் எல்லா அமிலங்களிலும் இருப்பதாகக் கருதி, 'அமிலத்தைப் பிறப்பிப்பது' எனப் பொருள்படும் கிரேக்க வேர்களிலிருந்து அப்பெயரை அமைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்பதை டேவி பின்னர்க் காட்டினார்; பெயரோ மாறவில்லை. தமிழில் நாம் உயிர்வளி என்றதால் அப்பிழை நம்மை ஒட்டவில்லை. ஆயினும் வேறொரு பிழை ஒட்டிக்கொண்டது.

பல்வேறு வகை உயிரணுக்களாக மாறவல்ல மூல அணுவைக் குருத்தணு என்கிறோம். தென்னங்குருத்தை அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டாத நல்ல சொல் இது. எலும்பு மச்சையிலேயே இவ்வணுக்களைத் தேடிவந்த ஆய்வாளர் கவனத்தைக் கொழுப்பின்பால் திருப்பியது 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு. உறிஞ்சி நீக்கிக் கழிவாக எறியப்பட்ட மனிதக் கொழுப்பிலிருந்து பாட்ரீசியா சுக் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய அணுக்களைப் பிரித்தெடுத்தனர். அவை எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடியவை எனக் கண்டனர்.

இவ்வணுக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் பெட்டியில் இருந்தது காற்று மண்டலத்தின் உயிர்வளி அளவு. ஏறத்தாழ 21 விழுக்காடு. அதற்கு 'இயல்பு நிலை' என்று பெயர். அதனினும் குறைந்தது 'உயிர்வளிப் பற்றாக்குறை' எனப்பட்டது. யாருக்கு இயல்பு? நாம் மூச்சிழுக்கும் காற்றுக்கு அது இயல்பு. நுரையீரலைக் கடந்து, குருதிவழித் திசுக்களைச் சேர்வதற்குள் உயிர்வளி பெரிதும் குறைந்து, பெரும்பாலும் ஒற்றை இலக்க விழுக்காட்டில் நிற்கும். கொழுப்புக்குள் வாழும் குருத்தணுவுக்கு 21 விழுக்காடு என்பது அயல்நாடு.

உயிரணு இவ்வேறுபாட்டை எவ்வாறு உணர்கிறது என்பது தனி வரலாறு. 1990களின் தொடக்கத்தில் கிரெக் செமென்சாவின் ஆய்வகம் எச்.ஐ.எஃப்.-1 என்னும் புரதத்தை இனங்கண்டது. உயிர்வளி மிகுந்திருக்கும்போது அதன் ஆல்ஃபா பகுதியில் ஒரு வேதிக்குறி பதிகிறது. குறி பெற்றது உடனே சிதைக்கப்படுகிறது. உயிர்வளி தாழ்ந்தால் குறி பதிவதில்லை. புரதம் திரண்டு உட்கருவுக்குள் சென்று, புதுக் குருதிக்குழாய்களைத் தூண்டும் மரபணு முதலிய பலவற்றை இயக்குகிறது. இப்பணிக்காகச் செமென்சா, ராட்கிளிஃப், கேலின் ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிட்டியது.

நமக்கு அணித்தே, கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் மனிதக் கொழுப்புக் குருத்தணுக்களை 21 விழுக்காட்டிலும் 2 விழுக்காட்டிலும் வளர்த்து ஒப்பிட்டனர். தாழ்ந்த நிலையில் அணுக்கள் விரைந்து பெருகின; வடிவம் மாறவில்லை; குருத்துத்தன்மையின் அடையாளங்கள் மிகுந்தன. குருத்தெலும்பாகும் ஆற்றல் கூடியது. கொழுப்பாகவும் எலும்பாகவும் மாறும் ஆற்றல் குறைந்தது. குருத்தெலும்பில் குருதிக்குழாய் இல்லை என்பதை நினைந்தால் இது வியப்பன்று. எச்.ஐ.எஃப்.-1 ஆல்ஃபா மிகுந்ததோடு இம்மாற்றங்கள் தொடர்புடையன ஆகலாம் என அவர்கள் கருதினர். 2 விழுக்காடே கொழுப்பின் உண்மை அளவு என்று இதனால் முடிவுகட்டிவிடலாகாது. பல திசுக்களில் அளவு அதைவிட மிகுதி.

பற்றாக்குறை என்று எழுதினால், மாணவர் மூச்சுத்திணறும் அணுவைக் கற்பனை செய்வர். அது செழிப்பதைக் கண்டால் மயங்குவர். நாமும் ஆசிரியர் பட்டறைகளில் பல்லாண்டுகள் அச்சொல்லையே வழங்கினோம். நோயாளியின் உடலில் உயிர்வளி போதாமற்போகும்போது பற்றாக்குறை என்பதே சரி; அதை மாற்ற வேண்டியதில்லை. ஆய்வக வளர்ப்பைக் குறிக்கத் 'தாழ் உயிர்வளி நிலை' என்னலாம். அதற்கு எதிரானதை 'இயல்பு' என்னாது 'காற்றளவு உயிர்வளி' என்னலாம். இரண்டிலும் எண்ணை உடன் எழுதும் வழக்கத்தை வகுப்பறையிலேயே தொடங்கலாம்.