தண்டவாளமும் ஆவாரம்பட்டையும்: நம் வட்டாரத்து வணிகத்தின் வரலாறு

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் பெயர் இன்று தோல் வணிகத்தால் உலகெங்கும் அறியப்படுகிறது. இப்பெருமைக்கு நம் முன்னோர்களின் உழைப்பும் நாணயமும் காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும், அவ்வுழைப்புக்கு வழி திறந்துவிட்ட போக்குவரத்தின் வரலாற்றையும், அதில் நம் உழவர்கள் பெற்றதையும் இழந்ததையும் நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. அதில் படகு வணிகம் நடைபெற வழியில்லை. ஆகவே பொதிமாடுகளும் மாட்டுவண்டிகளுமே அக்காலத்தில் சரக்கைச் சுமந்தன. விளைந்த தானியம் பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் சந்தையிலேயே விலைபோயிற்று.

1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திற்கு இரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் அதுவேயாகும். அடுத்த சில ஆண்டுகளில் பாதை குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையைக் கடந்து, 1862-இல் மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை முழுமையடைந்தது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்ப் பாதையும் திறக்கப்பட்டது.

இதனால் கிராமத்து மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் உலகச் சரக்காயின. காட்டிலும் மேட்டிலும் தானாக வளர்ந்த ஆவாரஞ்செடியின் பட்டையை ஏழை மக்கள் உரித்து விற்றனர். ஜவ்வாது மலையில் கடுக்காய் கிடைத்தது. இவற்றால் பதனிடப்பட்ட தோல் சென்னைப் பெரியமேட்டுச் சந்தைக்கும், அங்கிருந்து கப்பலேறி இலண்டனுக்கும் சென்றது. தோல் ஷாப்பின் இலாபத்தில் ஒரு பங்கு இவ்வாறு கிராமத்துக் குடிசைக்கும் சென்று சேர்ந்தது.

ஆனால் 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. கடல்வழி வந்த தானியம் இரயிலில் நிலையங்கள் வரை வந்து சேர்ந்தது. அதற்கப்பால் உள்ள கிராமங்களுக்கு இழுத்துச்செல்ல வேண்டிய மாடுகளோ தீவனமின்றி மடிந்துகொண்டிருந்தன. மடிந்த மாடுகளின் தோல் சென்னைக்குப் போயிற்று. அவற்றை வளர்த்த உழவனோ பட்டினி கிடந்தான். பாதை இருந்தால் மட்டும் போதாது, கடைசி வீடு வரை சென்று சேரும் வழியும், வாங்கும் சக்தியும் வேண்டும் என்பதை நாம் இதிலிருந்து உணர்கிறோம்.

1891-இல் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாகக் காட்பாடிக்கு இரயில் பாதை அமைந்தது. அந்த மானாவாரி நிலங்களில் விளைந்த நிலக்கடலைக்கும் தொலைதூரச் சந்தை திறந்தது. புதுச்சேரித் துறைமுகம் வழியாக அது பிரான்சு வரை சென்றது. உழவன் கையில் பணம் புழங்கியது. ஆனால் அவன் கடலையின் விலையை அவன் காணாத நாட்டார் தீர்மானித்தனர்.

கொண்டுசென்ற பாதையே கொண்டுவரவும் செய்தது. இருபதாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் வேலம்பட்டை கப்பலில் வந்திறங்கி ஆவாரம்பட்டைக்குப் போட்டியாயிற்று. பின்னர் குரோம் உப்பு பரவியபோது, பட்டை உரித்தவரின் வருவாய் பெரிதும் சுருங்கியது. கிராமத்திற்கும் தோல் ஷாப்பிற்கும் இருந்த பழைய கொடுக்கல் வாங்கல் அறுந்தது. எஞ்சியது கழிவுநீர். தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வை, உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது.

இன்று சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆம்பூரின் காலணிகள் லாரிகளில் துறைமுகத்திற்கு விரைகின்றன. அதே சாலையோரத்துக் கிராமத்தில் கிணற்றுநீர் கெட்டிருந்தால், அந்த உழவனுக்கு அச்சாலையால் என்ன பயன்? சரக்கு விரைவாகச் செல்வதே முன்னேற்றமாகிவிடாது. அண்டை வீட்டாரின் நிலமும் நீரும் நலமாயிருக்க வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமையன்றோ! வணிகத்தில் ஈடுபடும் நம் இளைஞர்கள் இவ்வரலாற்றை நினைவில் கொள்வார்களாக.