ஊரவையின் வாயில்

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் அருகே வன்னியம்பட்டி என்றோர் ஊர் உண்டு. மேற்குமலைத் தொடர் கண்ணுக்கெட்டும் தொலைவில் நிற்கும் சீமை அது. அச்சீமையில் ஓர் ஊராட்சியின் கிராமசபைக் கூட்டத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் நான் நேரில் கண்டேன். எவ்வூர் என்பது இங்கு வேண்டா. மரத்தடியில் விரிப்பு விரித்திருந்தார்கள். ஊரார் பலர் அதன்மேல் அமர்ந்தனர். ஒரு தெருவைச் சேர்ந்தவர்கள் மட்டும் வேலியோரமாக நின்றனர். அவர்களை எவரும் தடுக்கவில்லை. அமர வேண்டாவென்று ஒருவரும் சொல்லவில்லை. ஆயினும் கூட்டம் முடியும்வரை அவர்கள் விரிப்பில் அடியெடுத்து வைக்கவில்லை. இறுதியில் பதிவேடு அவர்களிடம் வந்தது. கையொப்பமிட்டுவிட்டுக் கலைந்து போனார்கள்.

அன்றுமுதல் ஒரு கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. ஊரவையின் வாயிலைக் காப்பவர் யார்? அவ்வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு அடைத்தது? இக்கேள்விக்கு நம் வரலாறு கூறும் விடையை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

ஊராட்சி என்றவுடன் நாம் பெருமையோடு எடுத்துக் கூறுவது உத்தரமேரூர்க் கல்வெட்டையே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், அவ்வூர்ச் சபையார் தங்கள் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லில் பொறித்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு ஆகார் என்றனர். இவ்விதி இன்றைக்கும் பொருந்துவதன்றோ!

ஆனால் அதே கல்வெட்டின் மற்றொரு பக்கத்தையும் நாம் படித்தல் வேண்டும். வாரியத்தில் இடம்பெற விரும்புவோனுக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு இருத்தல் வேண்டும். வயது 35-க்கு மேலும் 70-க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். வேதக் கல்வியில் மிக்கவனாயின் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. அது அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற ஊர். ஆகவே அவ்வூர் வயலை உழுத கைக்கும், ஆடையை நெய்த கைக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. வாயில் குறுகியதுதான். எனினும் அவ்வாயிலின் அளவு கல்லில் எழுதப்பட்டிருந்தது. யார் விலக்கப்பட்டார் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த நாமும் படித்தறிய முடிகிறது. இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வாயிலுக்கு வேறொரு தாழ்ப்பாள் வந்தது. ரிப்பன் பிரபு 1882-இல் உள்ளாட்சிக்கு வழிகோலினார். 1884-இலும் 1920-இலும் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆனால் வாக்களிக்கும் உரிமை சொத்தையும் வரியையும் அளவுகோலாகக் கொண்டே வழங்கப்பட்டது. 1921-இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கும் வாக்குரிமை உண்டெனத் தீர்மானித்தது. எனினும் சொத்தில்லாத பெண்ணுக்கு அதனால் பயனில்லை. வேதம் போய் வரி வந்தது. ஏழை வெளியே நின்றது மட்டும் மாறவில்லை.

வாக்கைவிட அடிப்படையான தடையும் ஒன்று இருந்தது. ஊர் கூடும் இடத்துக்கு நடந்து செல்லும் பாதையே பலருக்கு மூடியிருந்தது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகிய இடங்களுக்கு எவ்வகுப்பினரும் செல்லத் தடையில்லை என்பதே அதன் கருத்து. அது நிறைவேறியது. அலுவலகத்துக்குள் நுழைவதற்கே தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு, தீண்டாமை ஒழிக்கப்பட்டது. 1993-இல் 73-ஆம் திருத்தம் செயலுக்கு வந்தபோது ஊராட்சிக்கு அரசியலமைப்பிலேயே உறுதியான இடம் கிடைத்தது. தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. தலைவர் பதவிகளுள் ஒரு பங்கு, பட்டியல் சாதியினர்க்கு அவர்கள் மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எழுதப்பட்ட தாழ்ப்பாள்கள் யாவும் அகன்றன. வாயில் முழுவதும் திறந்துவிட்டது என்றே அனைவரும் எண்ணினர்.

அப்போதுதான் எழுதப்படாத தாழ்ப்பாள் வெளிப்பட்டது. 1996-இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊர்களிலும், நம் விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்நான்கு ஊர்களிலும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நிலையான ஊராட்சித் தலைவர் அமையவில்லை. எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யாதவாறு பார்த்துக்கொண்டார்கள். மனு வந்தபோதோ, தங்களுக்கு இணங்கிய ஒருவரை நிறுத்தி, வென்றவுடன் பதவி விலகச் செய்தார்கள். சட்டத்தின் ஓரெழுத்தும் மீறப்படவில்லை என்பதுபோல் ஏடுகள் காட்டின. மனுச் செய்தவர் இல்லை. ஆதலால் தேர்தல் இல்லை. விலகினார், ஆதலால் பதவி காலி. வாயில் திறந்தே கிடந்தது. நுழைய எவரும் துணியாதவாறு காவல் மட்டும் நின்றது.

இதனால் இழந்தவர் யார்? ஒதுக்கப்பட்டோர் மட்டுமே என்று கருதற்க. தலைவரில்லாத ஊரில் விளக்குக்கும் குடிநீருக்கும் சாலைக்கும் முறையிட எவரும் இல்லை. காவல் நின்றவர் வீட்டுத் தெருவும் இருட்டாகத்தான் கிடந்தது. ஒருவரை உள்ளே விடாமைக்காக ஊர் முழுதும் தன் அவையை இழந்தது.

காவலை மீறி நுழைந்தவர்க்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விடலாகாது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியும் அவ்வாறே ஒதுக்கப்பட்டது. பல தடைகளுக்குப் பின் 1996-ஆம் ஆண்டின் இறுதி நாளில் நடந்த தேர்தலில் முருகேசன் என்பவர் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பும் வழியில் அவரும் அவருடன் ஐவரும் படுகொலை செய்யப்பட்டனர். ஓர் ஊராட்சித் தலைவர் பதவிக்காக ஆறு உயிர்கள்! 2001-இல் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இஃது நம் நாட்டுக்கே உரிய நோயன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1870-ஆம் ஆண்டின் 15-ஆம் திருத்தம், நிறத்தைக் காரணமாக்கி எவர் வாக்கையும் பறிக்கலாகாது என்றது. தென் மாநிலத்தார் அத்திருத்தத்தை அழிக்கவில்லை. தலைவரி கட்டியவனே வாக்காளன் என்றனர். எழுதப் படிக்கத் தேர்வு வைத்தனர். இவையனைத்துக்கும் பின்னால் அச்சுறுத்தலை நிறுத்தினர். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, ஏறத்தாழ நூறாண்டுகள், திறந்த வாயிலின்முன் கறுப்பின மக்கள் காத்து நின்றனர். சட்டம் வாயிலைத் திறக்கும். காவலை அகற்றுவது தனி வேலை என்பதே அவ்வரலாறும் கூறும் பாடம்.

அவ்வேலை நம் நான்கு ஊர்களில் எவ்வாறு நடந்தது? 2006-இல் மதுரை மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் முதலிய அதிகாரிகளும் பொதுப்பணியாளர்களும் ஊராரோடு திரும்பத் திரும்பப் பேசினார்கள். அவ்வாண்டு அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதவி விலகாது பணியை ஏற்றனர். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடந்த கிராமசபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார். பத்தாண்டுகள் மூடிக்கிடந்த அவை கூடியது என்பதே அந்நாளின் சிறப்பு.

இனி அந்த வேலியோரத்துக்கு மீண்டும் வருவோம். கிராமசபை கூடுவதற்கு இத்தனை பேர் வரவேண்டும் என்று தமிழ்நாட்டு விதிகள் வரையறுத்துள்ளன. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரையுள்ள ஊராட்சியாயின் 100 பேர் வேண்டும். நான் கண்ட கூட்டத்தில் அவ்வெண்ணிக்கையில் குறைவில்லை. நின்றவர் கையொப்பமும் அதில் சேர்ந்தது. விதி தலைகளை எண்ணும். எந்தத் தலை அமர்ந்தது, எது நின்றது, எந்த நாவு பேசியது என்று எண்ணாது. உத்தரமேரூரார் தாங்கள் யாரை விலக்கினோம் என்று சுவரில் எழுதினார்கள். நாம் எழுதுவதில்லை, ஆதலால் விலக்கவில்லை என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். எழுதிய விலக்கை ஒரு சட்டத்தால் அழிக்கலாம். எழுதாத விலக்கை அழிக்க, முதலில் அதனைக் காண்பதற்குக் கண் வேண்டும்.

மாணவ அன்பர்களே, சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் உங்கள் ஊரிலும் கிராமசபை கூடும். 2022 முதல் மார்ச்சு 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்துள்ளன. ஒருமுறை சென்று பாருங்கள். வரவுசெலவுக் கணக்கைக் கேளுங்கள். அது உத்தரமேரூர் தந்த நல்ல பாடம். அதன்பின் சுற்றிலும் நோக்குங்கள். எத்தெருவார் வரவில்லை? வந்தவருள் நிற்பவர் யார்? விரிப்பில் இடமிருந்தும் ஒருவர் நின்றால், சற்றே நகர்ந்து, "வாருங்கள், இங்கே அமருங்கள்" என்று அழையுங்கள்.

அன்று நானும் விரிப்பின்மேல்தான் அமர்ந்திருந்தேன். என் பக்கத்தில் இருவர் அமர இடமிருந்தது. நான் அழைக்கவில்லை. கல்லில் எழுதப்படாத அக்காவலில் எனக்கும் பங்கிருந்தது என்பதை அறிய எனக்குப் பல நாட்களாயின. உங்களுக்கு அத்தனை நாள் ஆகவேண்டியதில்லை.