சீதன வீடும் அறளையும்: யாழ்ப்பாணத்து முதியோர் பராமரிப்பின் வரலாறு

மூப்பில் நினைவும் நிதானமும் குலைந்து போவதை யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாக அறளை பெயர்தல் என்று சொல்லி, அதை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய நோயாக அன்றி வயதோடு வரும் ஒன்றாகவே ஏற்று, வீட்டுக்குள் வைத்துப் பார்த்து வந்தனர். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. தன் ஐம்பது வயதுகளின் நடுவில் இறந்த ஒரு பெண்ணின் மூளையில் கண்ட புரதப் படிவுகளையும் நரம்பிழைச் சிக்கல்களையும் அலொய்ஸ் அல்சைமர் 1906 நவம்பரில் செருமனியின் தூபிங்கன் நகரில் எடுத்துரைத்து, 1910இல் எமில் கிரெபெலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே இட்ட பின்பும், அது நடுவயதினரைத் தாக்கும் அரிய நோய் என்றே மருத்துவ உலகமும் பல பத்தாண்டுகள் எண்ணியிருந்தது.

வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது பாசத்தால் மட்டும் நடந்ததன்று. அதற்குச் சொத்துமுறை சார்ந்த ஓர் ஏற்பாடு இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமை என்னும் யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டம், பெற்றோர் உயிரோடிருக்கும்வரை ஆண்மக்கள் குடும்பச் சொத்தில் பங்கு கேட்கலாகாது என்றும், மணமாகும்வரை அவர்கள் ஈட்டுவது பொதுச் சொத்தில் சேர வேண்டும் என்றும் விதித்தது. பெண்மக்களுக்கோ திருமணத்தின்போது கொடுக்கப்படும் சீதனமே பங்காயிற்று. மணமகன் பெண்வீட்டில் வந்து குடியிருக்கும் வழக்கம் பரவலாக இருந்தமையால், பெற்றோரின் வீடு பெரும்பாலும் கடைசி மகளுக்குச் சீதனமாகி, முதியவர்கள் இடம் மாறாமலே அவள் பராமரிப்பில் வந்தனர். சீதன உறுதி எழுதும்போது பெற்றோர் தமக்குச் சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை அவ்வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கி வைப்பதும் உண்டு. ஆயினும் காணியையும் நகையையும் கடனையும் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசிய அந்த வழமை, இரவில் எழுந்து அலையும் தாயைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உடுப்பு மாற்றும் மகளின் உழைப்புக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை என்பது இவ்வரலாற்றில் மறைக்கக்கூடாத குறை.

அந்த மகளுக்குக் கைகொடுத்தது வளவு. கிடுகு வேலியால் சூழப்பட்டு, ஒரே படலை வழியாக வெளியேற வேண்டிய வளவுக்குள் முதியவர் விரும்பியபடி நடக்க முடிந்தது. படலையைத் தாண்டிப் போனாலும் ஒழுங்கையில் எதிர்ப்படுபவர் பெரும்பாலும் உறவினராகவே இருந்ததால், கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்து விடுவர். விறாந்தையில் அதே சாய்மனைக் கதிரை, முற்றத்தில் அதே கிணறு, விடியற்காலையில் அதே கோயில் மணி என்று மாறாதிருந்த சூழல், புதியதைப் பதிய வைக்க இயலாத மூளைக்குப் பெருந்துணையாயிற்று. ஏனெனில் அல்சைமர் நோயில், நினைவுகளைப் பதிக்கும் மூளைப்பகுதி முதலில் தாக்கப்படுவதால், காலையில் உண்டது மறந்துபோக, இளமையில் பழகியவை நெடுநாள் எஞ்சி நிற்கும்.

மலாயாவுக்கு இரயில்வே உத்தியோகத்திற்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் ஆண்கள் போன காலத்தில் இந்த ஏற்பாடு பெரிதும் குலையவில்லை. 1983 இனக்கலவரத்துக்கும் அதைத் தொடர்ந்த போருக்கும் பின் மகள்மாரும் புலம்பெயர்ந்தபோதுதான் அதன் அச்சாணி கழன்றது. போரினால் 1990இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதிலும் இருந்த மக்களும் இடம்பெயர்ந்தபோது, முகாமிலோ அந்நியர் வீட்டிலோ தங்கிய மறதி நோயாளர்களின் நிலை மிகக் கொடியது. பொழுது சாயும் வேளையில் குழப்பம் கூடி, வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்பது இந்நோயில் சொந்த வீட்டில் இருப்பவரிடமும் காணப்படும் இயல்பு; இங்கோ கேட்டவருக்கு உண்மையிலேயே வீடு இல்லாமற் போயிற்று. அத்தகைய வேளையில் உண்மையை எடுத்துரைத்து வாதிடுவதால் பதற்றமே மிகும் என்றும், அந்த வீட்டைப் பற்றியே பேசவிட்டு மெல்லக் கவனத்தைத் திருப்புவதே உதவும் என்றும் இன்றைய பராமரிப்பு நெறி கூறுகிறது.

வீட்டுக்கு வெளியே இருந்த ஆதரவு சிறிதே. கைதடியில் அரச முதியோர் இல்லமும், தெல்லிப்பழையில் உளமருத்துவப் பிரிவும் இயங்கிவர, மறதி நோய்க்கென்றே தொடங்கிய லங்கா அல்சைமர் மன்றம் 2001இல் கொழும்பில் தோன்றியது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்று விதித்து, தேவையுற்ற முதியவர் பராமரிப்புக் கோருவதற்கு ஒரு சபையையும் அமைத்தது. கனடாவிலிருந்து மாதந்தோறும் பணம் வந்தாலும், அருகில் இருக்கும் ஒரே மகளோ சம்பளத்துக்கு அமர்த்திய பெண்ணோ இரவும் பகலும் தனித்துச் சுமப்பதை இச்சட்டம் தொடவில்லை. பிள்ளைகள் முறைவைத்து வந்து நின்று அவர்களுக்கு ஓய்வு கொடுப்பதே அந்தச் சுமையைக் குறைக்கும்.

பழைய உறுதிகளுக்கும் இன்றைய மருத்துவத்துக்கும் இடையே ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. காணியைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பவர் தாம் செய்வதை விளங்கிக்கொள்ளும் நிலையில் இருந்தாலன்றி நொத்தாரிசு முன் முடிக்கும் உறுதி செல்லாது போகலாம் என்பதால், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும், பழகிய ஒழுங்கையில் வழி தவறுவதும், காசுக் கணக்கில் தடுமாறுவதும் தென்படத் தொடங்கிய உடனேயே வைத்தியரைக் காண்பது, சிகிச்சைக்கு மட்டுமன்றி அவர் தம் சீவிய உரித்தைத் தாமே தீர்மானிப்பதற்கும் இடமளிக்கிறது.