நாட்டுக் குரங்கும் தாய்மையின் அறிவியலும்

அட்டுவம்பட்டி, கொடைக்கானலுக்கு அருகே பழனி மலையில் அமைந்துள்ள ஊர். 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இங்கு இயங்குகிறது. குட்டியை வயிற்றோடு அணைத்தபடி தாவிச் செல்லும் நாட்டுக் குரங்குகளை இம்மலைப் பகுதியில் சாதாரணமாகக் காணலாம். இவை தென்னிந்தியாவில் மட்டுமே இயற்கையாக வாழும் இனம். தாய்மை தானாக வருவது, அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது நம்மிடையே உள்ள பொதுவான எண்ணம். அந்த எண்ணம் பாதி உண்மை மட்டுமே என்று காட்டிய ஆய்வுகளின் வரலாற்றில் இந்தக் குரங்குக்கும் ஓர் இடம் உண்டு.

ஹார்மோன்களின் பங்கு

பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்பதை 1906-இல் ஹென்றி டேல் கண்டறிந்தார். அதற்குக் காரணமான ஆக்சிடோசினை 1953-இல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வகத்தில் உருவாக்கினார். 1955-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை ஆக்சிடோசின் பிரசவத்துக்கும் பால் சுரந்து வெளிவரவும் உதவும் பொருளாகவே கருதப்பட்டது.

ஹார்மோன் நடத்தையையும் மாற்றுமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது. அப்போதுதான் குட்டி ஈன்ற எலியின் இரத்தத்தை, ஒருமுறையும் கருவுறாத எலியின் உடலில் செலுத்தினர் ஜோசப் டெர்கெலும் ஜே ரோசன்பிளாட்டும். அந்த எலி ஒரு நாளுக்குள் குட்டிகளைக் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவந்து பராமரிக்கத் தொடங்கியது. 1972-இல் வெளிவந்த முடிவு இது. 1979-இல் பெடர்சன், பிராஞ்ச் ஆகியோர் ஆக்சிடோசினை எலியின் மூளைக்குள் செலுத்தியும் இத்தகைய மாற்றத்தைக் கண்டனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹார்மோன் எதுவும் கொடுக்காமல் குட்டிகளோடு தொடர்ந்து விட்டுவைத்தாலே, கருவுறாத எலிகள் சுமார் ஒரு வாரத்தில் அவற்றைப் பராமரிக்கத் தொடங்குகின்றன என்று ரோசன்பிளாட் 1967-இலேயே காட்டியிருந்தார். ஆகவே ஹார்மோன் தாய்மையை விரைவுபடுத்துகிறது; பழக்கமும் அதை உண்டாக்குகிறது.

தாயில்லாமல் வளர்ந்த தாய்கள்

வட இந்தியாவில் வாழும் ரீசஸ் குரங்குகள் ஆய்வுக்காக ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு வந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ, ரீசஸ் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பியாலும் துணியாலும் செய்த பொம்மைத் தாய்களோடு வளர்த்தார். பால் கம்பிப் பொம்மையில் கிடைத்தாலும், குட்டிகள் பெரும்பாலான நேரம் துணிப் பொம்மையையே கட்டிக்கொண்டிருந்தன. 1958-இல் வெளியான இம்முடிவு, பால் கொடுப்பதால்தான் பாசம் வருகிறது என்ற அன்றைய கருத்தை அசைத்தது.

தாயின்றி வளர்ந்த பெண் குரங்குகள் பின்னர் தாங்களே தாயானபோது பலவும் முதல் குட்டியைப் புறக்கணித்தன. சில அடித்துக் காயப்படுத்தின. கருவுற்ற உடலின் ஹார்மோன்கள் இருந்தும் அவற்றால் குட்டியை அணைக்க முடியவில்லை. ஆனால் அடுத்த குட்டியிடம் பல தாய்கள் மேம்பட்டே நடந்துகொண்டன என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்த அறிவுக்காக அந்த விலங்குகள் பட்ட துன்பம் மிகப் பெரிது. ரீசஸ் குரங்குகளின் ஏற்றுமதியை இந்தியா 1978-இல் தடை செய்தது.

நாட்டுக் குரங்கு கற்பித்தது

1960-களில் நியூயார்க்கில் லியோனார்ட் ரோசன்பிளமும் சார்லஸ் காஃப்மனும் இரு குரங்கு இனங்களை ஒப்பிட்டனர். தாயைப் பிரித்தபோது, தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்குக் குட்டிகள் கடும் சோர்வில் ஆழ்ந்தன. நாட்டுக் குரங்குக் குட்டிகள் அந்த அளவுக்குத் துவளவில்லை. கூட்டத்தின் பிற பெண் குரங்குகள் அவற்றை அணைத்துக்கொண்டதே காரணம்.

1984-இல் ரோசன்பிளமும் பாலியும் வெளியிட்ட ஆய்வில், நாட்டுக் குரங்குத் தாய்களின் ஒரு பிரிவுக்கு உணவு எளிதாகக் கிடைத்தது. இன்னொரு பிரிவுக்கு எப்போதும் தேடியே கிடைத்தது. மூன்றாம் பிரிவுக்குச் சில காலம் எளிதாகவும் சில காலம் கடினமாகவும் மாறி மாறிக் கிடைத்தது. இந்த மூன்றாம் பிரிவின் தாய்களும் குட்டிகளுமே அதிகம் பதற்றமடைந்தனர். அவ்வாறு வளர்ந்த குட்டிகளின் மூளைத் தண்டுவட நீரில், மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஹார்மோன் வளர்ந்த பின்பும் கூடுதலாக இருந்ததை 1996-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நாளைய உணவு நிச்சயமில்லை என்ற தாயின் கவலை, குட்டியின் உடலில் பல ஆண்டுகள் தங்கிவிட்டது.

வளர்ப்பும் ஹார்மோனும் சேரும் இடம்

மாண்ட்ரியாலில் மைக்கேல் மீனி குழுவினர், குட்டிகளை அதிகம் நக்கும் எலிகளையும் குறைவாக நக்கும் எலிகளையும் ஆராய்ந்தனர். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த பெண் குட்டியை, அதிகம் நக்கும் தாயிடம் வளர்த்தால், அதுவும் பின்னாளில் அதிகம் நக்கும் தாயாகிறது என்று 1999-இல் காட்டினர். பின்னர் ஃபிரான்சிஸ் ஷாம்பெயினும் மீனியும் இதன் காரணத்தைத் தேடினர். தாயால் அதிகம் நக்கப்பட்ட பெண் குட்டிகளின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் கூடுதலாக இருந்தன. ஈஸ்ட்ரோஜன் அங்கே ஆக்சிடோசின் ஏற்பிகளைப் பெருக்குகிறது. ஹார்மோன் ஒரு கடிதம் என்றால், அதைப் படிக்கும் கண்ணைத் திறந்துவைப்பது சிறுவயதில் கிடைத்த அரவணைப்பு.

நமக்குள்ள பாடம்

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது பழமொழி. அந்த நூல் பிறப்பில் மட்டுமல்லாமல் வளர்ப்பிலும் நூற்கப்படுகிறது என்று இவ்வரலாறு சொல்கிறது. மனிதர் குரங்கோ எலியோ அல்லர். மனிதத் தாய்க்கு மொழியும் உறவும் சிந்தனையும் துணை நிற்கின்றன. ஆனாலும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திணறும் ஓர் இளம் தாயைப் பார்த்து ‘நீயெல்லாம் ஒரு தாயா?’ என்று கேட்பது அறிவியலுக்கு முரணானது. அவருக்கு என்ன கிடைக்கவில்லை என்று கேட்பதே சரி.

தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில் பார்க்கும் நம் வழக்கம், புதிய தாயைச் சுற்றி அனுபவமுள்ள கைகளை நிறுத்துகிறது. 1987-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும், 2017-இல் 26 வாரமாக உயர்த்தப்பட்ட பேறுகால விடுப்பும் பணத்தாலும் நேரத்தாலும் அதே பணியைச் செய்கின்றன. தாயின் கவலையைக் குறைக்க இன்று செய்யும் உதவி அவரோடு முடிவதில்லை. நாளை தாயாகப்போகும் அவருடைய மகளையும் அது சென்றடையும்.