பழைய கருவிக்குப் புதிய வசதி உரியதா?

பொருளை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள தொடர்பு, பணம் கைமாறிய அளவிலே அற்றுப்போகிறதா? மிதிவண்டியைப் பொறுத்தமட்டில் இவ்வினாவுக்கு இடமே இல்லை. மூன்றாண்டு ஓட்டிய வண்டிக்குப் புதிய மணி ஒன்று அனுப்புமாறு கடைக்காரரை எவரும் கேட்பதில்லை. கைத்தொலைபேசியும் கணினியுமோ வேறு வகையின. வாங்கிய பின்னரும் மென்பொருளின் வழியாக அவை வளரக்கூடும். அதே வழியாக நலியவும் கூடும். சாவியோ விற்றவர் கையிலேயே தங்கிவிடுகிறது.

ஆதலின், பழைய கருவி வைத்திருப்போருக்கும் உற்பத்தியாளர் புதிய வசதிகளை வழங்கவேண்டுமா என்னும் கேள்வி, கூலியில் மிச்சம் பிடித்து ஒரு தொலைபேசி வாங்கி, அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கைமாற்றி ஆளும் நம்மனோர்க்கு வீண் ஆராய்ச்சியன்று. 2025ஆம் ஆண்டு பிறந்தவுடன், ஆண்ட்ராய்டு 5க்கு முந்திய பதிப்பிலே நின்றுபோன தொலைபேசிகளை வாட்ஸ்அப் கைவிட்டது. அவற்றுள் உடையாமல் இருந்தவை எத்தனையோ!

இவ்வழக்கின் வரலாற்றில் நாம் முதலிற் காணவேண்டியது 2007ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நிகழ்ந்த ஒன்று. ஆப்பிள் நிறுவனம் அதற்கு முன்னரே விற்றிருந்த பல மேக் கணினிகளுக்குள், வேகமிக்க புதுக் கம்பியில்லா இணைப்புக்கான உறுப்பு உறங்கிக்கொண்டிருந்தது. அதனை எழுப்பும் மென்பொருளுக்கு 1.99 டாலர் விலை வைத்தார்கள். உறுப்புக்குரிய பணத்தை வாங்கினோர் முன்னமே கொடுத்தாயிற்று. அதைத் திறப்பதற்கும் கூலியா என்று பலர் சினந்தனர்.

நிறுவனம் காட்டிய காரணம் விந்தையானது. விற்றபோது சொல்லாத வசதியைப் பின்னர் இலவசமாகத் தந்தால், அன்று விற்ற பொருள் நிறைவுபெறாத பொருள் என்றாகிவிடும். அதன் வருவாயை அன்றே முழுவதும் வரவு வைத்தது குற்றமாகும் என்றார்கள். பெருங்கம்பெனிகளின் கணக்குப் புரட்டுகள் அம்பலமான பிறகு 2002இல் அமெரிக்கா இயற்றிய சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டத்தை அவர்கள் துணைக்கு அழைத்தனர். புரட்டைத் தடுக்க வந்த சட்டம் ஈண்டு 1.99 டாலர் வசூலுக்குக் குடை பிடித்தது!

இதே காரணத்தால் ஐபாட் டச் வைத்திருந்தோர் 2008 சனவரியில் அஞ்சல், நிலப்படம் முதலிய ஐந்து வசதிகளுக்கு 19.99 டாலரும், அவ்வாண்டு சூலையில் புதிய இயங்குமுறைக்கு 9.95 டாலரும், 2009இல் மீண்டும் 9.95 டாலரும் கொடுக்க நேர்ந்தது. ஐபோன் வாங்கியோர்க்கோ புதிய இயங்குமுறை இலவசம். ஐபோன் வருவாயை ஈராண்டுக்குப் பங்கிட்டு எழுதினர். ஐபாட் வருவாயை அவ்வாறு எழுதவில்லை. வேற்றுமை பேரேட்டில் இருந்தது, பொறியில் இல்லை. 2009இல் கணக்கியல் விதி தளர்த்தப்பட்டது. 2010இல் இருசாரார்க்கும் இலவசமாயிற்று.

இலவசம் வந்ததும் தொல்லை தீர்ந்ததா? இல்லை, வேறு வேடம் பூண்டது. 2010 சூனில் வந்த ஐஓஎஸ் 4, ஈராண்டு மூத்த ஐபோன் 3ஜிக்கும் அளிக்கப்பட்டது. பல செயலிகளை ஒருங்கே நடத்தும் பெருவசதி அதற்குக் கிட்டவில்லை. சுமை மட்டும் கிட்டியது. விரல் வைத்தால் திரை விழித்தெழத் தாமதித்தது. பழைய பதிப்புக்குத் திரும்ப நிறுவனம் வழி வைக்கவில்லை. செப்டம்பரில் வந்த திருத்தமே ஓரளவு துயர் துடைத்தது. ஏற்கவியலாத உடலுக்கு விருந்து படைப்பதும் கொடுமையே அன்றோ?

2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டிக் காவல் ஆணையம் இதனைக் குற்றமென்றே தீர்த்தது. நோட் 7க்கெனச் செய்த மென்பொருளை 2014ஆம் ஆண்டு நோட் 4இல் ஏற்றுமாறு வற்புறுத்தியும், விளையும் கோளாறுகளைச் சொல்லாது மறைத்தும் நடந்ததாகச் சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோ தண்டம். ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ.

ஆப்பிள் செய்ததை நிதானமாக எடைபோடவேண்டும். முதிர்ந்த மின்கலம் திடீரென மிகுமின் வழங்கமாட்டாது; தொலைபேசி தானே அணைந்துவிடும். அதனைத் தடுக்க 2017 சனவரியில் வேகத்தைக் குறைத்தார்கள். மருந்து சரியானதே; நோயாளிக்குச் சொல்லவில்லை என்பதே குறை. மின்கலம் மாற்றினால் தீரும் நோய்க்குப் புதுத் தொலைபேசி வாங்கியோர் உண்டு. உண்மை வெளிப்பட்டபின், 2017 டிசம்பரில் மன்னிப்புக் கோரி, 79 டாலர் மின்கல மாற்றுக் கட்டணத்தை 29 ஆக்கினார்கள். 2020இல் பிரான்சு 2.5 கோடி யூரோ தண்டம் விதித்தது.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் அவர்களே சாட்சி. 2018இல் வந்த ஐஓஎஸ் 12, 2013ஆம் ஆண்டு ஐபோன் 5எஸ்ஸுக்கும் பொருந்தியது. பழைய கருவிகளை விரைவாக்குவதையே அது ஒரு நோக்கமாகக் கொண்டது.

‘கருவி தாங்காது’ என்னும் சொல்லை நாம் எப்போது நம்புவது? 2023இல் ஒரே சில்லுடன் வந்த பிக்சல் 8, பிக்சல் 8 புரோ இரண்டில், பின்னதற்கு மட்டும் செயற்கை நுண்ணறிவு வசதியைக் கூகுள் அளித்தது. 2024 மார்ச்சில், முன்னதன் வன்பொருள் இடந்தராது என்றது. நினைவகம் 12 கிகாபைட்டுக்குப் பதில் 8 என்பது மெய்யே. ஆயினும் எதிர்ப்பு எழுந்ததும் அதே திங்களில், விரும்புவோர் தாமே திறந்துகொள்ளும் சோதனை வசதியாக அளிப்போம் என்று மாறியது. முடியாதது சில கிழமைகளில் முடிவதாயிற்று!

நாம் எல்லாப் புதுமையும் எல்லாப் பழங்கருவிக்கும் வேண்டும் என்று வாதிடவில்லை. காப்புத் திருத்தம் கடன். புது வசதியோ கருவி தாங்குமளவு தரத்தக்கது. தாங்காதெனில் எந்த உறுப்பு தடையென்று அளவுடன் சொல்லப்படவேண்டும். ஏற்றபின் பிடிக்காதவர் பழைய நிலைக்குத் திரும்பவும் வழி வேண்டும். இம்மூன்றாவதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

2025 சூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடப்புக்கு வந்த விதி, ஒரு வகைத் தொலைபேசியின் விற்பனை நின்றபின் குறைந்தது ஐந்தாண்டு வரை, காப்புத் திருத்தங்களையும் வசதி மேம்பாடுகளையும் அவ்வகைக் கருவிகள் அனைத்துக்கும் இலவசமாகத் தரச் சொல்கிறது. ஆனால் அவ்வாசகத்தின் நடுவே ‘அவற்றை அளிப்பார்களாயின்’ என்றொரு சிறு தொடர் கிடக்கிறது. அளித்தே தீரவேண்டும் என்று அது நேரே கூறவில்லை.