எங்கள் பணம், எங்கள் கணக்கு!

ஒவ்வொரு ஆண்டும் மத்திய பட்ஜெட் தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் டெல்லியில் ஒரு சின்ன விழா நடக்கும். பெரிய இரும்பு வாணலியில் அல்வா கிண்டி, நிதியமைச்சர் தன் கையாலேயே ஊழியர்களுக்குப் பரிமாறுவார். அல்வா சாப்பிட்ட கையோடு பட்ஜெட் வேலையில் இருப்பவர்கள் உள்ளே போய்விட வேண்டும். நாடாளுமன்றத்தில் பட்ஜெட் உரை வாசித்து முடிக்கும் வரை வீடு கிடையாது, செல்போன் கிடையாது. ரகசியம் கசிந்துவிடக் கூடாதே!

தமிழில் 'அல்வா கொடுப்பது' என்றால் வேறு ஒரு அர்த்தமும் உண்டு. அதுவும் இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படும்...

இந்த ரகசியத்துக்குக் காரணம் இருக்கிறது. 1950இல் ஜான் மத்தாய் நிதியமைச்சராக இருந்தபோது, குடியரசுத் தலைவர் மாளிகை அச்சகத்திலிருந்து பட்ஜெட்டின் ஒரு பகுதி வெளியே கசிந்தது. உடனே அச்சடிக்கும் இடத்தை மிண்டோ சாலைக்கு மாற்றினார்கள். 1980இல் அது நார்த் பிளாக்கின் அடித்தளத்துக்குப் போனது. எந்தப் பொருளுக்கு வரி ஏறும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் பதுக்கல்காரர்கள் கொழுத்துப் போவார்கள். எனவே பட்ஜெட்டுக்கு முன்பு ரகசியம் இருப்பது நியாயம்தான். ஆனால் பணம் செலவான பிறகும் ரகசியம் எதற்கு? ஏழைக்கு என்று ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று அந்த ஏழையே கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் நம் ஆவடிக்கும் ஓர் இடம் இருக்கிறது.

வெள்ளைக்காரனிடம் கேட்ட கணக்கு

இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1860இல் ஜேம்ஸ் வில்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தாக்கல் செய்தார். 1857 கிளர்ச்சியை அடக்கியதில் கஜானா காலியாகி இருந்தது. அதை நிரப்ப அவர் கொண்டு வந்ததுதான் வருமான வரி. வரி கட்டியவர்கள் இந்தியர்கள். எதற்குச் செலவு செய்வது என்று முடிவு செய்தவர்கள் ஆங்கிலேயர்கள்!

இந்தியாவின் செலவுகளை ஆராய 1895இல் லண்டனில் வெல்பி கமிஷன் அமைக்கப்பட்டது. தாதாபாய் நௌரோஜி அதில் ஓர் உறுப்பினர். 1897இல் அதன் முன் சாட்சி சொல்லப் போன இந்தியர்களில் கோகலேயும் ஒருவர், நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். 'தி இந்து', 'சுதேசமித்திரன்' ஆகிய இரண்டு பத்திரிகைகளையும் தொடங்கியவர் இவர். ஏழை நாட்டின் வரிப்பணம் யாருக்காகச் செலவாகிறது என்ற கேள்வியை இவர்கள் ஆட்சியாளர்களின் தலைநகரிலேயே போய் எழுப்பினார்கள்.

1902இல் கோகலே இம்பீரியல் சட்டசபையில் தன் முதல் பட்ஜெட் உரையை ஆற்றினார். அப்போது உறுப்பினர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது. அரசாங்கமோ பட்ஜெட்டில் உபரி வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டுக் கொண்டிருந்தது. கோகலே அரசின் எண்களையே எடுத்து வைத்துத் திருப்பிக் கேட்டார். மக்கள் பஞ்சத்தில் சாகும்போது கஜானாவில் உபரி என்றால், தேவைக்கு மேல் வரி பிடுங்கியிருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்? உப்பு வரியைக் குறையுங்கள் என்றார். அடுத்த ஆண்டே, அதாவது 1903இல், உப்பு வரி மணுவுக்கு இரண்டரை ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாகக் குறைந்தது. மணு என்பது சுமார் 37 கிலோ. ஓட்டுரிமை இல்லாத சபையிலும் ஒரு சரியான கணக்குக்கு இவ்வளவு பலம் இருந்தது.

ஆவடியில் கொடுத்த வாக்கு

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான அந்தக் கணக்கில் வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. முதல் பட்ஜெட்டிலேயே துண்டு விழுந்தது! செலவில் 92.74 கோடி, கிட்டத்தட்ட பாதி, பாதுகாப்புக்கே போனது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது.

ஏழைகளுக்கு என்ன என்ற கேள்விக்கு ஏழு ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய பதில் கிடைத்தது. கிடைத்த இடம் ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் கட்சியின் 60வது மாநாடு இங்கே சத்தியமூர்த்தி நகரில் கூடியது. தலைவர் யு.என். தேபர். பிரதமர் நேரு வந்திருந்தார். அப்போது சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர். 'சோஷலிச பாணி சமுதாயம்' அமைப்பதே நம் திட்டங்களின் நோக்கம் என்று அந்த மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'ஆவடி தீர்மானம்' என்று படிக்கிறோமே, அதுதான்.

தீர்மானம் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 1 அன்று இம்பீரியல் வங்கி, அரசின் கையில் ஸ்டேட் வங்கியாக மாறியது. 1956இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. 1957இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பணக்காரர்கள் மீது சொத்து வரி போட்டார். (2015 பட்ஜெட்டில் அதை நீக்கிவிட்டார்கள்.) முத்தாபுதுப்பேட்டையில் இருப்பவர்களுக்கு இந்த அரசு முதலீடு புதிதல்ல. விமானப்படை தளம், டாங்கித் தொழிற்சாலை, ராணுவச் சீருடைத் தொழிற்சாலை என்று சுற்றிலும் பட்ஜெட் பணம் கட்டடமாகவும் சம்பளமாகவும் கண் முன்னே நிற்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலை கட்டினால் கண்ணுக்குத் தெரியும். ஒரு கிராமத்துக் கூலிக்காரருக்கு என்று ஒதுக்கிய பணம் வந்ததா இல்லையா என்பது எப்படித் தெரியும்? அந்தக் கணக்கு அலுவலக பீரோவுக்குள் இருந்தது. பங்கு தருகிறோம் என்று ஆவடியில் வாக்குக் கொடுத்தவர்கள், பங்கைச் சரிபார்க்கும் சாவியைக் கொடுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, அரசு செலவிடும் ஒரு ரூபாயில் 15 பைசாதான் ஏழைக்குப் போய்ச் சேருகிறது என்று நேருவின் பேரன் ராஜீவ் காந்தியே 1985இல் ஒப்புக்கொண்டார். மீதி 85 பைசா? மக்களுக்குக் கிடைத்தது அல்வா!

கூலிக்காரர்கள் கேட்ட ஜெராக்ஸ்

இந்த நிலையை மாற்றியது பொருளாதார மேதைகள் அல்ல. ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில் மண் வெட்டியவர்கள்.

சென்னையில் பிறந்த அருணா ராய் 1968இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆனவர். சில ஆண்டுகளில் அந்த வேலையை விட்டுவிட்டுக் கிராமங்களுக்குப் போய்விட்டார். 1990 மே 1 அன்று அவரும் நிகில் தேவ், சங்கர் சிங் போன்றவர்களும் அந்தப் பகுதி விவசாயிகள், தொழிலாளர்களோடு சேர்ந்து 'மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் கேட்டது பட்ஜெட்டை அல்ல, கூலியை! வறட்சி நிவாரண வேலைகளில் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், 'நீ வேலை செய்யவில்லை என்று பதிவேடு சொல்கிறது' என்று பதில் வந்தது. சரி, அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம்! கூலிக்காரரின் பெயர் எழுதிய தாள், அந்தக் கூலிக்காரருக்கே ரகசியம்! இந்த இடத்தில்தான் அவர்களுக்குப் புரிந்தது... கூலி வேண்டுமென்றால் முதலில் காகிதம் வேண்டும்.

1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்ற ஊரில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை நடந்தது. எப்படியோ கிடைத்த மஸ்டர் ரோல்களையும் பில்களையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. கணக்கில் கட்டி முடிந்த ஒரு கட்டடத்துக்கு நிஜத்தில் கூரையே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒவ்வொரு வரியாகக் கேட்டு, இது பொய், இது உண்மை என்று சொன்னார்கள். எந்தத் தணிக்கை அதிகாரியாலும் செய்ய முடியாத தணிக்கை அது. ஏனென்றால் அந்த மண்ணை வெட்டியவர் யார் என்று அந்த ஊருக்குத்தானே தெரியும்!

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களை மக்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தார். ஓர் ஆண்டு ஆகியும் அதற்கான உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. நாற்பது நாள் நீடித்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்கள் கோஷம். அடிப்படையில் அவர்கள் கேட்டது வெறும் ஜெராக்ஸ் காப்பி. ஆனால் அந்த ஜெராக்ஸில்தான் பட்ஜெட்டின் உயிரே இருந்தது.

அதே காலத்தில் குஜராத்தில் பழங்குடி மக்களிடையே வேலை செய்த 'திஷா' என்ற அமைப்பு மறு முனையிலிருந்து தொடங்கியது. மாநில பட்ஜெட் புத்தகங்களைப் பிரித்து, பழங்குடியினருக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தார்கள். பல இடங்களில் அரசின் கூட்டலே தப்பாக இருந்தது! எளிய மொழியில் குறிப்பு எழுதி எம்.எல்.ஏ.க்களிடம் கொடுத்தார்கள். சட்டமன்றத்தில் கேள்விகள் பறந்தன.

சட்டம் ஆன கோரிக்கை

தகவல் உரிமைக்காக முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997இல். ஆனால் அதில் 'இதைத் தர முடியாது, அதைத் தர முடியாது' என்ற விலக்குகளே அதிகம். முழுமையான சட்டம் 2005இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 4வது பிரிவு பலர் கவனிக்காத ஒன்று. ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு ஒதுக்கப்பட்ட பட்ஜெட், செலவுத் திட்டம், மானியம் பெறுவோர் விவரம் ஆகியவற்றை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது அது.

அதே 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், கிராம சபை மூலம் சமூகத் தணிக்கை நடத்துவதைக் கட்டாயமாக்கியது. கோட் கிரானாவில் ஊர் நடுவே நடந்தது, பதினொரு ஆண்டுகளில் நாட்டின் சட்டமாகிவிட்டது. 2006இல் பல அமைப்புகள் 'மக்கள் பட்ஜெட் முயற்சி' என்ற பெயரில் ஒன்று கூடி, பட்ஜெட் தயாராகும் முன்பே கோரிக்கைகளை வைக்கத் தொடங்கின. அதே ஆண்டு பள்ளிக் குழந்தைகளும் களத்தில் இறங்கினார்கள். நாட்டு வருமானத்தில் கல்விக்கு 6, சுகாதாரத்துக்கு 3, ஆக 9 சதவீதம் எங்களுக்கு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

ஒரு உதாரணம் போதும்

கணக்குக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010 டெல்லி காமன்வெல்த் போட்டி நல்ல உதாரணம். பட்டியல் சாதியினருக்கு அவர்கள் மக்கள்தொகை விகிதத்தில் திட்ட நிதி ஒதுக்க வேண்டும் என்று 1970களின் இறுதியிலேயே சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. அந்தப் பணத்தை வேறு எதற்கும் திருப்பக் கூடாது. ஆனால் 2006க்கும் 2010க்கும் இடையே இதிலிருந்து 740 கோடி ரூபாய்க்கு மேல் விளையாட்டுப் போட்டி வேலைகளுக்குத் திருப்பப்பட்டது, தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்கள் மூலம் வெளிச்சத்துக்கு வந்தது. அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், இது தவறு என்று மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொண்டார். யாரும் கேட்காமல் இருந்திருந்தால்? மேம்பாலங்களின் பளபளப்பில் அந்தப் பணம் மறைந்தே போயிருக்கும்.

இதன் பிறகு இந்த நிதியைச் சட்டத்தால் பாதுகாக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஆந்திரா, கர்நாடகா 2013இல் தனிச் சட்டங்களைக் கொண்டு வந்தன. தமிழ்நாடு 2024இல் கொண்டு வந்தது. பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் மாநிலத்துக்கு இது மிகவும் தேவையான சட்டம்.

அரை மணி நேரமும் ஒரு முழு நாளும்

2018 மார்ச்சில் மக்களவையில் அத்தனை அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் அமளிக்கு நடுவே, விவாதமே இல்லாமல், சுமார் அரை மணி நேரத்தில் நிறைவேறின. பல லட்சம் கோடி ரூபாய்! ஒரு கிராமத்து மக்கள் விசாரணையிலோ சில ஆயிரம் ரூபாய் கணக்கைப் பெயர் பெயராகப் படித்து முடிக்க ஒரு முழு நாள் ஆகிறது. எது உண்மையான பட்ஜெட் விவாதம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏழைகளுக்கான பட்ஜெட் என்பது உரையில் வரும் பெரிய எண் அல்ல. அந்த எண்ணில் தன் பங்கு எங்கே என்று ஓர் ஏழை கேட்கும்போது, தாளை எடுத்துக் காட்ட முடிகிற பட்ஜெட்தான் ஏழைகளுக்கான பட்ஜெட். அதற்கான கருவிகள் இப்போது நம் கையில் இருக்கின்றன. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் மனு. முப்பது நாளில் பதில் தர வேண்டும். கிராம ஊராட்சி என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை. வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

ஆவடி தீர்மானத்தை இரண்டு மார்க் கேள்விக்காகப் படித்து மறந்துவிடுகிறோம். அந்த வாக்குறுதியின் கணக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த கிராம சபைக்கு நம் தெருவிலிருந்து எத்தனை பேர் போகப் போகிறோம்?