வழங்கி உறைதல்

வழங்கி உறைதல் என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் வழங்கிக் கணினி ஒன்று எவ்விதப் பிழைச்செய்தியும் தராமல் அசைவற்று நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். மின்சாரம் இருக்கும்; விசிறிகள் சுழலும்; திரையில் கடைசியாகத் தோன்றிய எழுத்துகள் அப்படியே நிற்கும். ஆனால் விசைப்பலகையை அழுத்தினாலோ வலையமைப்பின் வழியே அழைத்தாலோ மறுமொழி கிடைப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறையோ சில வாரங்களுக்கு ஒருமுறையோ ஒழுங்கின்றி இது நிகழுமாயின், காரணத்தைக் கண்டறிதல் கணினிப் பராமரிப்பில் மிகக் கடினமான பணிகளுள் ஒன்றாகிறது. வீட்டுக் கணினி உறைந்தால் ஒருவரின் வேலை கெடும். வழங்கி உறைந்தால் அதை நம்பியுள்ள மின்னஞ்சல், தரவுத்தளம், இணையத்தளம் அனைத்தும் ஒருசேர நிற்கும். வேறு வழியின்றி மின்சாரத்தைத் துண்டித்து மீளத் தொடக்கும்போது, வன்தட்டில் எழுதி முடிக்கப்படாத தரவுகள் இழக்கப்படவும் கூடும்.

உறைதலின் வகைகள்

உறைந்ததாகத் தோன்றும் வழங்கி எப்போதும் முழுமையாக உறைந்திருப்பதில்லை. விசைப்பலகையின் நம் லாக் விசையை அழுத்தி அதன் விளக்கு மாறுகிறதா என்று பார்ப்பது பழைய, எளிய சோதனை. விளக்கு மாறினால் கருனி இன்னும் குறுக்கீடுகளைக் கவனிக்கிறது என்று பொருள். பிங் கட்டளைக்கு மறுமொழி வந்தும் உள்நுழைய முடியாவிட்டால், கருனி உயிருடன் உள்ளது, பயனர் நிரல்கள்தாம் நின்றுள்ளன எனக் கொள்ளலாம். நினைவகம் தீர்ந்துபோதல் அல்லது வன்தட்டு விடை தராமை இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். லினக்சு இயக்குதளத்தில் வன்தட்டின் விடைக்காகக் காத்திருக்கும் நிரல் குறுக்கிடமுடியாத உறக்கநிலைக்குச் செல்கிறது. அதனைக் கில் கட்டளையாலும் நிறுத்த இயலாது. அத்தகைய நிரல்கள் பெருகப் பெருக, செயலி ஏறத்தாழ வேலையின்றி இருக்கும்போதே சராசரிச் சுமை எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். விளக்கும் மாறாமல் பிங்குக்கும் விடையின்றிப் போவதே முழு உறைதல். இதில் வன்பொருள், சாதன இயக்கி, கருனி ஆகிய மூன்றையும் ஐயுறவேண்டும்.

சான்றுகளைத் திரட்டல்

மீளத் தொடக்கிய பின் பதிவுக்கோப்பைத் திறந்தால், கடைசி வரி பெரும்பாலும் வழக்கமான செய்தியாகவே இருக்கும். இதனால் காரணமே பதிவாகவில்லை என்று கருதிவிடுகின்றனர். உண்மையில் கருனி கடைசி நொடியில் எச்சரிக்கை தந்திருக்கக்கூடும். அதை வன்தட்டுக்குக் கொண்டுசெல்லும் வழியும் சேர்ந்து உறைந்துவிட்டதால் அது எழுதப்படாமல் போயிருக்கும். ஆகவே சாவுச்செய்தியை வழங்கிக்கு வெளியே பிடிக்கவேண்டும். தொடர் துறையில் கம்பி இணைத்து மற்றொரு கணினியில் பதிவது பழைய முறை. லினக்சில் உள்ள நெட்கன்சோல், கருனிச் செய்திகளை யுடிபி பொதிகளாக வேறொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்புகிறது.

இன்டெல், டெல், எச்பி, என்இசி ஆகிய நிறுவனங்கள் 1998 இல் அறிமுகப்படுத்திய ஐபிஎம்ஐ தரத்தைப் பின்பற்றும் வழங்கிகளின் தாய்ப்பலகையில் தனிச் சிறு மேலாண்மைச் செயலி ஒன்று உள்ளது. முதன்மைச் செயலி உறைந்தாலும் இது இயங்கும். நினைவகப் பிழை, மின்னழுத்தக் குறைவு, வெப்ப மிகுதி ஆகியவற்றை இது தன் நிகழ்வுப் பதிவேட்டில் குறித்துவைக்கிறது. இப்பதிவேட்டைப் படிக்காமலேயே உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்குவது பொதுவாக வீண்செலவில் முடிகிறது.

உறைந்த நிலையிலேயே தகவல் பெறவும் வழியுண்டு. லினக்சில் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ விசைகளுடன் 'டபிள்யூ' எழுத்தை அழுத்தினால், தடைபட்டு நிற்கும் நிரல்களின் பட்டியல் வெளியாகும். 'எஸ்' நினைவகத்தில் தேங்கிய தரவை வன்தட்டில் எழுத முயலும். 'பி' உடனே மீளத் தொடக்கும். இவ்வசதி முன்கூட்டியே இயலச்செய்யப்பட்டிருக்கவேண்டும். உறைந்த நேரத்தைக் குறித்துவைப்பது இவை எல்லாவற்றினும் எளிது. காப்புநகல் எடுக்கும் வேளையிலேயே மும்முறை உறைந்தால், அது தற்செயல் அன்று.

வன்பொருட் காரணங்கள்

நினைவகப் பழுதே முதலில் ஐயுறத்தக்கது. பியாங்கா சுரோடர் முதலியோர் கூகுள் நிறுவன வழங்கிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை தோன்றியதைக் காட்டியது. பிழைதிருத்தும் நினைவகம் ஒரு பிட் பிழையைத் தானே திருத்திப் பதிவுசெய்கிறது. சாதாரண நினைவகத்தில் அதே பிழை எவருக்கும் தெரியாமல் கடந்து, கருனியின் முக்கிய இடம் ஒன்றைத் தொட்டால் உறைதலாக வெளிப்படும். மெம்டெஸ்ட்86 போன்ற நிரலை இரவு முழுதும் ஓடவிடுவது வழக்கம். அது பிழை காட்டினால் முடிவு உறுதி. காட்டாவிட்டால் நினைவகம் நன்று என்பது உறுதியாகாது.

1999 முதல் 2007 வரையிலான காலப்பகுதியில் வெளிவந்த பல தாய்ப்பலகைகளில் தரங்குறைந்த மின்பகுபொருள் மின்தேக்கிகள் இருந்தன. இவற்றின் தலைப்பகுதி புடைத்து, சிலவற்றில் பழுப்பு நிறக் கசிவு தெரியும். பெட்டியைத் திறந்து பார்த்தாலே விளங்கும் பழுது இது ஒன்றுதான் எனலாம். மின்வழங்கியின் பழுதோ கண்ணுக்குத் தெரியாது. வேறொன்றை மாற்றிப் பார்த்தே அறியவேண்டும். வெப்பத்தைப் பலர் முதற் குற்றவாளியாகக் கருதுவதுண்டு. ஆயினும் இக்காலச் செயலிகள் சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எல்லை மீறினால் அணைந்துவிடும். உறைந்து நிற்பது குறைவு.

சுமை மிகும்போது மட்டுமே கணினி உறையும் என்பதும் தவறு. 2017 இல் வெளிவந்த முதல் தலைமுறை ரைசன் செயலிகள் சில, லினக்சில் வேலையின்றி இருந்தபோதே உறைந்தன. ஆழ்ந்த மின்சேமிப்பு நிலையில் மின்னோட்டம் மிகக் குறைவதைச் சில மின்வழங்கிகள் தாங்காமை இதற்கு ஒரு காரணம் எனப்பட்டது. பயாசு அமைப்பில் இதற்கெனத் தனித் தெரிவு சேர்க்கப்பட்டது.

எண்ணிகள் நிரம்புவதால் நேரும் உறைதல்

தற்செயலாகத் தோன்றும் சில உறைதல்கள் உண்மையில் துல்லியமான கால ஒழுங்கு உடையவை. விண்டோசு 95, 98 ஆகியவை தொடக்கியதிலிருந்து மில்லிநொடிகளை 32 பிட் எண்ணியில் எண்ணின. 4,29,49,67,296 மில்லிநொடிகள், அதாவது 49.7 நாட்கள் கழிந்ததும் எண்ணி மீண்டும் சுழியத்துக்கு வர, கணினி உறைந்தது. அவ்வளவு நாள் இடைவிடாது இயங்கியவை சிலவே என்பதால் வழு நெடுங்காலம் மறைந்திருந்தது. ஏஎம்டி நிறுவனம் தன் எபிக் 7002 வரிசைச் செயலிகளின் கரு ஒன்று, தொடக்கி ஏறத்தாழ 1,044 நாட்களுக்குப் பின் உறக்கநிலையிலிருந்து மீளாமற் போகக்கூடும் என 2023 இல் அறிவித்தது. அதற்குள் ஒருமுறை மீளத் தொடக்குவது, அல்லது அவ்வுறக்கநிலையை முடக்குவது மாற்றுவழியாகக் கூறப்பட்டது. ஒரே நாளில் நிறுவப்பட்ட பல வழங்கிகள் ஒரே வாரத்தில் உறைந்தால் இவ்வகை வழுவை நினைவுகொள்ளவேண்டும்.

பழுது நீங்கியதை உறுதிசெய்தல்

ஒரே நேரத்தில் நினைவகத்தையும் கருனியையும் மாற்றினால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாது. ஆதலால் ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்யப்படுகிறது. அதன்பின் எத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்பதில்தான் தவறு நிகழ்கிறது. சராசரியாக 10 நாட்களுக்கு ஒருமுறை தற்செயலாக உறையும் வழங்கி, எம்மாற்றமும் செய்யாமலேயே 10 நாட்கள் உறையாதிருக்க 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 30 நாட்கள் உறையாதிருக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு. எனவே சராசரி இடைவெளியின் மும்மடங்கு காலமேனும் காத்திருந்த பின்னரே பழுது நீங்கியதாகக் கொள்வது தக்கது.

அதுவரை சேவை தடைபடாதிருக்க, குறித்த நேரத்தில் விடை வராவிட்டால் கணினியைத் தானே மீளத் தொடக்கும் காவல் நேரங்காட்டி பயன்படுகிறது. இது பழுதை நீக்குவதில்லை, மறைக்கிறது. எனினும் மறைப்பதும் சில வேளை உதவும். 1997 சூலை 4 இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில், முக்கியப் பணி ஒன்று உரிய நேரத்தில் முடியாதபோதெல்லாம் கணினி இவ்வாறே தன்னை மீளத் தொடக்கிக்கொண்டது. பொறியாளர்கள் புவியிலிருந்த ஒத்த கணினியில் அதே நிலையைத் தோற்றுவித்து, தாழ்ந்த முன்னுரிமையுள்ள வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்துவைத்திருந்ததே காரணம் எனக் கண்டனர். முன்னுரிமை மரபேற்பு என்னும் அமைப்பை இயலச்செய்யும் திருத்தம் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டது.